இத்தா இருக்காதவள்

அத்தியாயம் பதினாறு

உம்மு குல்சும் காலை ஆறு மணிக்கே மைமூனாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. கட்டிலில் வைத்துப் பிரித்தாள். கஞ்சி போட்டு நான்காக மடித்த வெள்ளைச் சேலை.

"இதை உடு."

"யார் சொன்ன?"

"புறக்டர் ஐயா சொன்னவராம். உன்ட மச்சான் சுபஹுத் தொழுகைக்குப் போகக்குள்ள சொல்லிட்டுப் போனார். சாட்சிக் கூட்டில ஏறுற பொம்புளையைப் பார்த்தா மாப்பிள்ளை மவுத்தான பொம்புள எண்டு தெரியோணுமாம்."

மைமூனா சேலையைத் தொடவில்லை. அது உம்மு குல்சுமின் சேலை அல்ல என்பது பார்த்தவுடனே தெரிந்தது. உம்மு குல்சுமின் புருஷன் உயிரோடு இருக்கிறார். யாரிடமோ இரவல் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். புருஷனை இழந்த ஒருத்தி நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவுக்கு இதை உடுத்திக்கொண்டு ஓர் அறைக்குள் இருந்திருக்கிறாள். முடித்து, துவைத்து, மடித்து வைத்திருக்கிறாள். துக்கத்துக்கு ஒரு கடைசி நாள் இருந்திருக்கிறது அவளுக்கு.

"நான் பச்சையைத்தான் உடுக்கப் போறன் ராத்தா."

"ஏன் புள்ள இப்பிடி அடம் பிடிக்கிறாய்?"

"அவருக்கு நீந்தத் தெரியும்."

இந்த ஒரு வாக்கியத்தை மைமூனா இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறாள். ஒவ்வொரு முறையும் உம்மு குல்சுமின் முகம் யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தியதுபோல மூடிக்கொள்ளும். இன்றைக்கும் மூடிக்கொண்டது. அவள் சேலையைத் திரும்பத் தாளில் சுற்றினாள்.

"தேத்தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த லாஞ்சி கவிழ்ந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு, ஏற்ற வேண்டியதைப்போல இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. கொட்டியாரக் குடாவின் நடுவில் சரிந்தது. மூழ்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். முப்பத்து நான்கு பேருடைய மையத்தை, உடலை மட்டும், கடல் கரைக்குக் கொண்டுவந்து தந்தது. ஒன்பது பேரைத் தரவில்லை.

மைமூனாவின் கணவன் முத்தலிப் அந்த ஒன்பதில் ஒருவன். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலை அவனுக்கு. அன்றைக்கு அவனோடு அசனாவும் போயிருந்தாள், பெருநாள் உடுப்பு எடுக்க. அசனா உம்மு குல்சுமின் ஒரே மகள். முத்தலிப்பின் மூத்த சகோதரன் ஸைனுலாப்தீன் காக்காவுக்குப் பிறந்தவள். பதினான்கு வயது. மைமூனாவுக்குப் பதினொரு வருடமாகப் பிள்ளை இல்லை. அசனா பாதி நாள் சின்னம்மா வீட்டில்தான் படுப்பாள்.

அசனா மூன்றாம் நாள் கரைக்கு வந்தாள். முத்தலிப் வரவில்லை.

நாற்பத்து மூன்று குடும்பமும் தனித்தனியாக லாஞ்சிக் கம்பனியோடு மல்லுக்கட்ட ஏலாது என்று சொன்னவர் வழக்கறிஞர், புறக்டர் டொமினிக். எல்லோருக்குமாக ஒரே வழக்கு, எல்லோருக்குமாகப் பேச இரண்டு பேர். மையத்துக் கிடைத்த முப்பத்து நான்கு குடும்பத்துக்கு ஸைனுலாப்தீன். கிடைக்காத ஒன்பது குடும்பத்துக்கு மைமூனா. அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்பதால் மற்ற எட்டுக் குடும்பமும் அவளையே சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இருந்த காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அவள் பச்சைச் சேலையை உடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

திருகோணமலைக் கோட்டு விறாந்தையில் நிற்க இடமில்லை. மூதூரிலிருந்து வந்த சனம் மட்டும் முப்பது பேருக்கு மேல். நல்லம்மா எல்லோருக்கும் முன்னால் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். அவளுடைய பத்தொன்பது வயது மகனும் அந்த ஒன்பதில் ஒருவன்.

"வா பிள்ளை, வா. இண்டைக்கு எங்கட வாய் நீதான். வயிறு மட்டும்தான் எங்களிட்ட இருக்கு" என்றாள் நல்லம்மா. "தொண்டை காய்ஞ்சு போகாம ஒரு சோடா குடிச்சிட்டு ஏறு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மைமூனாவும் சிரிக்கப் பார்த்தாள்.

புறக்டர் டொமினிக் கறுப்புக் கோட்டின் கையை இழுத்துவிட்டபடி வேகமாக வந்தார். நல்ல மனிதர். வேர்த்துப் போயிருந்தார்.

"சேலை..." என்று தொடங்கினார். பிறகு விட்டுவிட்டார். "சரி, பரவாயில்லை. கேளுங்கோ மைமூனா. கொழும்பில அண்மையில ரெண்டு தீர்ப்பு வந்திருக்கு. முதலாவது எங்களுக்கு நல்லது. கன பேருக்கு ஒரே விதமான உரித்து இருந்தா, ஒருத்தர் எல்லாருக்குமா வழக்குப் பேசலாம் எண்டு சொல்லுது."

"மற்றது?"

"மற்றது போன மாசம் வந்தது. அதைத்தான் கம்பனிக்காகப் பேசுற அப்புக்காத்தர் கையில வச்சுக்கொண்டு நிக்கிறார். ஒருத்தர் எல்லாருக்குமாப் பேசினா, அவர் சொல்லுறது எல்லாரையும் கட்டுமாம். நல்லதும் கட்டும், கூடாததும் கட்டும்."

"விளங்கேல்ல ஐயா."

"நீங்கள் ஓம் எண்டா ஒன்பது பேரும் ஓம். நீங்கள் இல்லை எண்டா ஒன்பது பேரும் இல்லை. உங்களிட்ட ஒரு பிழை இருந்தா அது ஒன்பது பேரிட்டயும் இருக்கிற பிழை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டும் இல்லைத்தானே? எனக்குச் சொல்லாத விஷயம் ஏதும்?"

மைமூனா ஸைனுலாப்தீனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒண்டுமில்ல ஐயா" என்றார் அவர்.

அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் அது பெண்களின் கதை. தம்பியின் பெண்சாதி இத்தா இருந்தாளா இல்லையா என்பதை ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம், அதுவும் வேறு வேதக்காரரிடம், எப்படிச் சொல்வது? டொமினிக்குக்கு அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. இரண்டு வருடமாக இரண்டு பேரும் அந்த வழக்கைச் சுமந்தார்கள். ஒருவருக்குச் சொல்ல வெட்கம். மற்றவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

குர்ஆனில் கை வைத்து மைமூனா சத்தியம் செய்தாள். கூட்டின் மரச் சட்டம் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. பிடித்துக்கொள்ள அது உதவியது.

கொழும்பு அப்புக்காத்தர் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்பதை மொழிபெயர்ப்பாளர் அல்பிரட் தமிழில் சொல்வார். அல்பிரட் இந்தக் கோட்டில் இருபது வருடமாக நிற்கிறவர். யாருடைய துயரத்தையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவர்.

பெயர் கேட்டார்கள். ஊர் கேட்டார்கள். எந்த ஆண்டு கலியாணம் என்று கேட்டார்கள். அப்புக்காத்தர் தன் தாளைப் புரட்டினார். பிறகு, ஆங்கிலத்துக்கு நடுவில், உச்சரிப்புச் சற்றும் பிசகாமல் ஒரு சொல்லைச் சொன்னார்.

"இத்தா."

மைமூனா கூட்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புத்தகத்தில் படித்திருக்க மாட்டார். நம்மில் ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். எந்த வீட்டில், எந்தத் தேத்தண்ணிக் கோப்பைக்கு முன்னால்?

அல்பிரட் தமிழில் கேட்டார். "புருஷன் இறந்த பிறகு நீங்கள் இத்தா இருந்தனீங்களா எண்டு கேக்கிறார்."

"இல்ல."

நீதிபதிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. என்ன என்று அல்பிரட்டைக் கேட்டார். அல்பிரட் யோசித்து ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். பெண் அறைக்குள் அடைந்திருப்பதைக் குறிக்கும் சொல்லாம். பிள்ளைப்பேற்றுக்கு அறையில் இருப்பதற்கும் அதே சொல்தானாம். மைமூனாவுக்கு இது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் தெரிந்தது, நீதிபதி கண்ணாடிக்கு மேலால் கனிவோடு அவளைப் பார்த்து ஏதோ கேட்டார் என்பதும், அல்பிரட் யோசிக்காமல் அதே குரலில் அதைத் தமிழில் சொன்னார் என்பதும்தான்.

"பிள்ளை எப்ப பிறந்தது எண்டு துரை கேக்கிறார்."

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர். சேவகன் சத்தம் போட்டான்.

"எனக்குப் பிள்ளை இல்ல" என்றாள் மைமூனா.

சிரிப்பு நின்றுவிட்டது. அல்பிரட் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்புக்காத்தரே எழுந்து நீதிபதிக்கு விளக்கினார். இவர்களுடைய மார்க்கத்தில் புருஷன் இறந்தால் பெண்சாதி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பாள். இறந்ததை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே முதல் அடையாளம். இந்த அம்மா ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதுமட்டுமல்ல, ஒவ்வொரு பின்னேரமும் மூதூர்த் துறைக்குப் போய் லாஞ்சியில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"உண்மையா?"

"நான் மீன் வாங்கப் போறனான்."

"ஒவ்வொரு நாளுமா?"

மீன் வாங்கத்தான் போகிறேன் என்று அவள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். லாஞ்சிக்காரர்கள் அவளைக் கண்டால் கயிற்றைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இத்தா இருக்கச் சொல்லிப் பள்ளிவாசல் லெவ்வை ஆள் அனுப்பியபோது அவளுக்குள் எழுந்தது ஒரே ஒரு கேள்விதான். நான் உள்ளே இருந்தால் அவர் வந்து இறங்கும்போது துறையில் யார் நிற்பது?

அதை இந்தக் கூட்டில் நின்று சொல்ல ஏலாது.

அப்புக்காத்தர் தாளை மறுபக்கம் புரட்டினார்.

"உங்கள் கணவருக்கு நீந்தத் தெரியுமா?"

"ஓம்."

"நன்றாகவா?"

"நல்லா. சின்ன வயசில இருந்தே. ஒருக்கால் பந்தயம் பிடிச்சு எங்கட ஊர்க் கங்கை முகத்துவாரத்தைக் குறுக்கால நீந்தி, அதே மூச்சில திரும்பியும் வந்தவர். நான் கரையில நிண்டு பார்த்தனான்."

தன் குரலில் ஏறிய பெருமை அவளுக்கே கேட்டது. எத்தனை நாளாயிற்று, முத்தலிப்பைப் பற்றி யாராவது கேட்டு! ஊரில் எல்லோரும் அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இந்த மனிதர் கேட்கிறார், அவள் சொல்கிறாள்.

"அப்படியானால் அவ்வளவு நன்றாக நீந்துகிறவர் எங்காவது கரை ஏறியிருக்கலாம், இல்லையா? இலங்கைத்துறைப் பக்கம், அதற்கும் தெற்கே?"

"ஏறியிருக்கலாம்."

டொமினிக் பேனையை மேசையில் போட்டார்.

"அவரோடு போன சிறுமிக்கு நீந்தத் தெரியுமா?"

"அசனாவுக்கா? இல்ல, அவளுக்குத் தெரியாது. தண்ணியெண்டாப் பயம். இவர்ட கையைப் பிடிச்சுக்கொண்டுதான்..."

பெண்களின் மூன்றாவது வாங்கில் இருந்த உம்மு குல்சும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடமும் இரண்டு மாதமும் மைமூனா பார்த்த அந்த மூடிய முகம் இப்போது திறந்திருந்தது. உள்ளே இருந்ததை அவளால் பார்க்க முடிந்தது.

அவர் கரை ஏறியிருந்தால், கையை விட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். அவ்வளவு சின்ன விஷயம். முத்தலிப் உயிரோடு இருக்கிறான் என்று மைமூனா ஒவ்வொரு தடவை சொன்னபோதும், உன் பிள்ளையை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போனான் என்றுதான் உம்மு குல்சும் கேட்டிருக்கிறாள். அவளோடு ஒரே பாயில் இருந்து சோறு தின்றிருக்கிறாள். காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்ணாவது கிடைத்ததே அவளுக்கு என்று மைமூனா அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் போய் நிற்க, புதைத்த இடத்தில் ஒரு மீசான் கல் இருக்கிறதே என்று.

"அம்மா, துரை காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அல்பிரட். "உங்கட கணவர் இப்ப உயிரோட இருக்கிறாரா, இல்லையா?"

மைமூனா நீதிபதியைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாங்கைப் பார்த்துச் சொன்னாள்.

"மவுத்து."

அந்தச் சொல்லை அவள் அவனுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

"அது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"இப்ப."

அல்பிரட் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப எண்டா?"

"இப்பதான்" என்றாள் மைமூனா.

பின்னேரம் இரண்டு மணிக்குக் கட்டளை வாசித்தார்கள். ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. அல்பிரட் அதைச் சுருக்கித் தமிழில் சொன்னார்.

மையத்துக் கிடைத்த முப்பத்து நான்கு பேரின் குடும்பங்களும் ஒன்றாக வழக்கைக் கொண்டுபோகலாம். ஸைனுலாப்தீன் அவர்களுக்காகப் பேசலாம். மற்ற ஒன்பது பேரும் இறந்தார்கள் என்பதே இன்னும் காட்டப்படவில்லை. அவர்களுக்காகப் பேச வந்தவர் தன் கணவன் இறந்ததை இன்று காலை வரை நம்பவில்லை என்று தானே சத்தியத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய சொல் அவர் பேச வந்த எல்லோரையும் கட்டும். ஆகவே ஒன்பது பேரும் நீக்கப்படுகிறார்கள். அவர்களில் யாரிடமாவது தனியாக ஓர் அத்தாட்சி இருந்தால், பதினான்கு நாளுக்குள், தன் ஆளுக்கு மட்டும், தன் சொந்தப் பெயரில் வரலாம். இல்லாதவர்கள், சட்டத்தில் சொன்னபடி, ஆள் காணாமல் போய் ஏழு வருடம் நிறையும்வரை இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் டொமினிக் ஸைனுலாப்தீனைத்தான் முதலில் பிடித்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல? ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் வேற ஆளைக் கூட்டில ஏத்தியிருப்பன்."

"பொம்புளையள்ட கதை ஐயா. எப்பிடிச் சொல்லுற?"

"இப்ப கோடு முழுக்கச் சொல்லியாச்சே!"

ஸைனுலாப்தீனின் வழக்கு நிற்கிறது, அவருடைய மகளின் பெயர் நிற்கிறது. ஒரு மனிதன் வென்றுவிட்டு இப்படித் தலை குனிந்து நிற்பதை மைமூனா அதுவரை பார்த்ததில்லை.

உட்துறைமுகத்து இறங்குதுறையில் நாலு மணி லாஞ்சி நின்றது. சனம் ஏறிக்கொண்டிருந்தது. நல்லம்மா மட்டும் இறங்குபாலத்தின் தொங்கல் முனையில் நின்றாள். மைமூனா அருகே போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

"நல்லம்மாக்கா..."

"என்ர பொடியனுக்கு நான் எட்டுச் சடங்கும் செய்தனான், முப்பத்தொண்டும் செய்தனான்." நல்லம்மா சத்தம் போடவில்லை. காலையில் பகிடி விட்ட அதே குரல்தான், ஆனால் அடியில் ஒன்றுமில்லை. "தலைமாட்டில வச்சு அழ ஒரு சாமான் இல்லாம அவன்ர செருப்பை வச்சு அழுதனான். ஊருக்கே சோறு போட்டனான், என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு. இப்ப கோடு சொல்லுது அவன் சாகேல்லையாம். ஏன் தெரியுமே? நீ உன்ர வீட்டுக்குள்ள இருக்கேல்லையாம்."

"எனக்குத் தெரியாது அக்கா, அது உங்களையும்..."

"எனக்கு மட்டும் தெரியுமே? உனக்கு எழுத வாசிக்கத் தெரியும் எண்டுதானே விட்டனாங்கள்." அவள் மைமூனாவின் சேலையை மேலிருந்து கீழே பார்த்தாள். "வடிவான பச்சை."

லாஞ்சிக்காரன் மணியடித்தான்.

"வாங்கக்கா, போவம்."

"நீ போ. நான் அடுத்ததில வாறன்."

"இண்டைக்கு இனி லாஞ்சி இல்ல அக்கா. அடுத்தது நாளைக்குக் காலமைதான்."

"அப்ப நாளைக்கு வாறன்" என்றாள் நல்லம்மா.

லாஞ்சி விலகியபோது அவள் அங்கேயே நின்றாள். திருகோணமலையில் அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை.

பெண்கள் பக்கத்து வாங்கில் மைமூனாவும் உம்மு குல்சுமும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஸைனுலாப்தீன் முன்னால் ஆண்களோடு நின்றார். குடா அமைதியாக இருந்தது. இந்தத் தண்ணீரின் மேல் போகும்போதெல்லாம் மைமூனா மறுகரையைப் பார்ப்பாள், ஒரு மனிதன் ஏறக்கூடிய இடங்களைத் தேடுவாள். இன்றைக்குக் கண் தண்ணீரிலேயே நின்றது. எங்கேயோ இங்கேதான். இந்தப் பச்சைக்குக் கீழே.

"நான் உங்களுக்காகத்தான் சொன்னனான் ராத்தா" என்றாள்.

"தெரியும்."

"நீங்க ஒரு நாளும் என்னட்டக் கேக்கல்ல."

"என்னத்தைக் கேக்க? உன்ட மாப்பிள்ளை என்ட புள்ளைய விட்டுட்டுப் போனாரா எண்டு உன்னட்டக் கேக்கவா?" உம்மு குல்சும் முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நீ மவுத்து எண்டு சொன்னவுடன எனக்கு நெஞ்சில இருந்து ஒரு கல்லு இறங்கின மாதிரி இருந்திச்சு. அப்பிடிச் சந்தோசப்பட்டதுக்கு அல்லாஹ் என்னை மன்னிக்கோணும். உன்ட முகத்தைப் பார்க்கவும் ஏலாமப் போச்சு."

லாஞ்சி கொஞ்சத் தூரம் போயிற்று. இயந்திரத்தின் சத்தம் மற்றவர்களின் பேச்சை அடித்துக்கொண்டு போனது.

"அந்த அத்தாட்சிக் கதை" என்றாள் உம்மு குல்சும். "பதினாலு நாளுக்குள்ள எண்டு சொன்னது. என்ன மாதிரிச் சாமானாம் அது?"

"அந்தத் தண்ணிக்குள்ள அவர் மவுத்தானார் எண்டு காட்ட ஏதும். என்னட்ட என்ன இருக்கு? ஒண்டுமில்ல."

"என்னட்ட இருக்கு."

மைமூனா திரும்பினாள்.

"அசனாட மையத்தைக் குளிப்பாட்டினது நானும் மையத்துக் குளிப்பாட்டுற அந்தக் கிழவியும்தான். ஆம்பிளையள் ஒருத்தரும் பார்க்கல்ல. உன்ட மச்சானுக்கும் தெரியாது. கிழவியும் போன வருசம் மவுத்தாப் போச்சு." அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "புள்ளைட வலது கை பொத்தியிருந்திச்சு. விரிக்க ஏலாமப் போச்சு. கிழவி வெந்நீர் ஊத்தி ஊத்தி ஒவ்வொரு விரலாத்தான் எடுத்த. உள்ளுக்க ஒரு சேட்டுத் துண்டு. ஒரு பொத்தானோட."

"என்ன நிறம்?" என்றாள் மைமூனா.

"வெள்ளைச் சேட்டு. பொத்தான் சிவப்பு நூலால தைச்சிருக்கு."

அந்தப் பெருநாள் வாரம் வீட்டில் வெள்ளை நூல் முடிந்துபோயிருந்தது. பொத்தானுக்குத்தானே, சிவப்பு நூல் போதும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று முத்தலிப்தான் சொன்னான். சேட்டைக் கழற்றாமலே முன்னால் வந்து நின்றான். அவள் அவன் நெஞ்சோடு குனிந்து, தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள்.

அவள் அழுதாள். இரண்டு வருடத்தில் அழாத அழுகை. சத்தம் இல்லாமல், வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டு அழுதாள். உம்மு குல்சும் அவள் முதுகில் கை வைத்தாள். எதிரே இருந்த பெண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அவர் அவளோடதான் இருந்திருக்கார் ராத்தா. கடைசி மட்டும் அவளோடதான்..."

"இருந்திருக்கார்" என்றாள் உம்மு குல்சும். "அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகுதான் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அந்தத் துண்டு தானாக் கிழிஞ்சு வந்ததா, அவர் புள்ளைட கையை உதறிக் கிழிச்சுக்கொண்டு போனதா எண்டு." இதைத் தனக்குள் பல நூறு தடவை சொல்லிப் பார்த்தவளின் குரல். "அலுமாரிக்குள்ள ஓதின துணியில சுத்தி வச்சிருக்கன். எடுத்து எடுத்துப் பார்க்கிறன் புள்ள. ரெண்டு வருசமா ஓரத்தைப் பார்க்கிறன். நூல் நூலாப் பார்க்கிறன். எனக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு."

மைமூனாவின் அழுகை அப்படியே நின்றது.

"உன்னட்டத் தந்திடுறன்" என்றாள் உம்மு குல்சும். "நாளைக்கே வந்து எடு. கோட்டில காட்டினா உன்ட வழக்கு நிக்கும். உனக்கு மட்டும் நிக்கும். நல்லம்மாட பொடியனுக்கோ மற்ற ஏழு பேருக்கோ அதால ஒரு பிரயோசனமும் இல்ல. ஆனா ஒண்டு. அந்தக் கொழும்பு மனுசன் அதைக் கையில எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பார்ப்பான். பார்த்திட்டு அந்தக் கேள்வியைத்தான் கேப்பான். என்னைக் கூட்டில ஏத்தி வச்சுக் கேப்பான். உன்னையும் கேப்பான்."

காலையில் கூட்டில் நின்று கேட்ட அந்த மெல்லிய குரல் மைமூனாவின் காதில் வந்து போயிற்று. அவ்வளவு நன்றாக நீந்துகிறவர்.

கையை விட்டவனா என்று சந்தேகப்பட்டபோதும் இவள் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தாள் என்று மைமூனா நினைத்தாள். அதே துண்டை வைத்து என்னைக் குத்தியிருக்கலாம், குத்தவில்லை. நான் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று அலுமாரியைப் பூட்டிவிட்டாள். இப்போது அந்தப் பூட்டின் திறப்பை என் மடியில் வைக்கிறாள்.

மூதூர்க் கரை தெரியத் தொடங்கியது. துறையில் ஆட்கள் நின்றார்கள், வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு. ஸைனுலாப்தீன் ஆட்களை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மைமூனாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன கதை ரெண்டு பேரும்?"

"ஒண்டுமில்ல" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.